முதுகு தாங்கும் அளவு

முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினைந்து. வரலாற்றுத் துறை பைண்டருக்குத் தரவேண்டிய பாக்கி அது. ஒரே வருஷத்தில் சேர்ந்ததில்லை. பாசி மாதிரி படிந்து படிந்து பச்சை கட்டிப்போன பாக்கி. ஒரு வருஷம் ஆயிரம் இரண்டாயிரம் குறையும், அடுத்த வருஷம் அதையும் சேர்த்து ஏறும். கேட்கப் போனால் மின்விசிறியைப் போட்டு உட்காரச் சொல்வார்கள். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. பணத்துக்குத்தான் குறைச்சல்.

பைண்டரின் கடை பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிர்ச் சந்தில் இருந்தது. இரண்டு ஜெராக்ஸ் மெஷின், அதில் ஒன்று எப்போதும் முறுக்கிக்கொண்டிருக்கும். ஒரு கட்டிங் மெஷின், ஒரு பசை அடுப்பு, ஒரு நீள மேசை. பின்சுவரில் ஒரு ஜன்னல் உண்டு என்று அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரியும். மற்றவர் கண்ணுக்குத் தெரியாதபடி அதன்மேல் கட்டுகள் அடுக்கியிருந்தன. எல்லாம் ஒரே நீல அட்டை, ஒரே தலைப்பு: 'உழைப்பின் வரலாறு'. இருநூற்றுச் சொச்சம் கட்டு. துறை சொல்லிப் போட்டது, துறை எடுத்துக்கொண்டு போகாதது. பாக்கி என்பது அந்தச் சுவர்தான்.

"உழைப்பைப் பத்திப் படிக்கிறாங்களாம்" என்பாள் மனைவி, வாசல் பக்கம் முக்காலியில் கல்லாப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. "உழைச்சவனுக்குக் காசு குடுக்கறது எந்தப் பாடத்துல வருதுன்னு கேட்டுச் சொல்லுங்க. அந்தக் கட்டுக்கு நான் இலவசமா அட்டை போட்டுத் தர்றேன்."

பைண்டர் தாளை அடுக்கிக்கொண்டே இருப்பார். முழங்கால் விட்டுப்போகும்வரை ஒரு சரக்குக் கிட்டங்கியில் காகித உருளை இறக்கியவர் அவர். அதன் பிறகு ஒரு பைண்டிங் பட்டறையில் தாள் அடுக்க உட்கார்ந்தார். எழுத்து அவருக்குப் பின்வாசல் வழியாக வந்தது. முதலில் பக்க எண் தெரிந்தது. எண் தெரியாவிட்டால் அடுக்க முடியாது. அப்புறம் தலைப்பு தெரிந்தது. வரிகள் கடைசியில்தான், தலை நரைத்த பிறகு, ஒவ்வொன்றாக வந்தன. இப்போதும் விரல் வைத்துத்தான் படிப்பார். நீல அட்டைக்குள் இருந்த பன்னிரண்டு கட்டுரைகளின் தலைப்பும் அவருக்கு மனப்பாடம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் கை விரிப்பார். மூட்டை தூக்குகிறவன் மூட்டையைப் பிரித்தா பார்க்கிறான்?

அந்தப் பன்னிரண்டும் எப்படி வந்தன என்பது மட்டும் தெரியும். பெரிய சார் சொன்னதுதான். பெரிய சார் என்பது துறைத் தலைவர். அவர் சின்ன சாராக இருந்த காலத்தில், அடுத்த திங்கட்கிழமை புதிதாக ஒரு பாடம் தொடங்கவேண்டும் என்று மேலிடத்தில் இருந்து உத்தரவு வந்தது. அவர் தன் இரும்பு அலமாரியைத் திறந்து, கைக்கு வந்த கட்டுரைகளை வாரிக்கொண்டு ஓடிவந்தார்.

"இப்போதைக்கு இது போதும். அடுத்த வருஷம் மாத்திக்கலாம்" என்றார்.

அட்டை அச்சடிக்கிறவன் நூறுக்குக் குறைந்து அச்சடிக்கமாட்டான். பைண்டர் நூறு போட்டார். பிள்ளைகள் எழுபது பேர்தான். அடுத்த வருஷம் பெரிய சார் புதுப் பட்டியலோடு வந்து, அடுக்கைப் பார்த்துவிட்டு நின்றார். "முப்பது மிச்சம் இருக்கேய்யா. இதைத் தள்ளிட்டு மாத்திக்கலாம்." அந்த வருஷம் சேர்ந்தவர்களுக்கு முப்பது போதவில்லை. இன்னொரு நூறு. அதிலும் மிச்சம். மிச்சம் தீரவும் இல்லை, பட்டியல் மாறவும் இல்லை. நாயும் வாலும் மாதிரி ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டே கிடந்தன.

இதற்குள் கட்டு ஊர் தாண்டிப் போய்விட்டது. வேறு கல்லூரிகள் அதே பன்னிரண்டை வைத்தன. கைடு போட்டார்கள். கைடு வந்த பிறகு கட்டு இன்னும் குறைவாக விற்றது, ஆனால் பட்டியல் இன்னும் கெட்டியானது. கருத்தரங்கு ஒன்றில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், இந்தத் துறை பன்னிரண்டு தூண்களின் மேல் நிற்கிறது என்று பேசி, கைதட்டல் வாங்கினாராம். அன்றைக்குச் சாயங்காலம் பெரிய சார் கடைக்கு வந்து, முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"தூணாம்யா, தூண்! அது அலமாரியில ரெண்டாவது தட்டு. முதல் தட்டுச் சாவி அன்னிக்குக் கிடைக்கல, அவ்வளவுதான். கிடைச்சிருந்தா வேற பன்னிரண்டு தூண் நின்னிருக்கும்."

"சாவி அப்புறம் கிடைச்சுதா சார்?" என்று கேட்டாள் பைண்டரின் மனைவி.

"கிடைச்சுதும்மா. ஆனா அதுக்குள்ள கட்டிடம் எழும்பிடுச்சே."

சிரித்தவர் பாக்கியைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறந்தால் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: "நான் இருக்கேன்ல?"

இப்போது அவர் இருக்கப்போவதில்லை. அந்த மாதக் கடைசியில் ஓய்வு. பாக்கிக்கு எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது, எல்லாம் வாய்ச்சொல். வாய்ச்சொல்லாகக் கொடுத்த கடன், வாய் வீட்டுக்குப் போனால் கூடவே போய்விடும். அந்த நேரம் பார்த்து, கடைக்குத் தாள் கடனாக இறக்கும் பேப்பர்காரரும் வந்தார். ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே பேசினார்.

"அண்ணே, மாசக் கடைசிக்குள்ள பழசு வரலேன்னா ஒரு ரீம் கூட இறங்காது. தப்பா நினைக்காதீங்க. என் தலை மேலயும் ஒருத்தன் உக்காந்திருக்கான்."

"என் தலையில எத்தனை பேர்னு எண்ணிப் பாக்கறீங்களா?" என்றாள் மனைவி.

"அக்கா, உங்க வாய்க்குப் பயந்துதான் வண்டிய அணைக்காம நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

பேப்பர் இல்லாத ஜெராக்ஸ் கடை தண்ணீர் இல்லாத கிணறு. எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

*

மறுநாள் பெரிய சாரே வந்தார். முகம் தெளிவாக இருந்தது.

"வழி கண்டுபிடிச்சுட்டேன்யா. வெள்ளிக்கிழமை பாடத்திட்டக் குழு கூடுது. இதே பட்டியலை இன்னும் மூணு வருஷத்துக்கு நீட்டித் தீர்மானம் போட்டுடறேன். தீர்மானத்துல 'தொகுப்பைத் துறையே வாங்கி வழங்கும்'னு ஒரு வரி. டீன் கையெழுத்துப் போட்டா ஆபீஸ்ல செக் கிழிச்சே ஆகணும். உன் சுவரும் காலி, என் மனசும் காலி."

"பட்டியல் மாறாம இருக்கணும், அதானே சார்?"

"அது மாறாது. இத்தனை வருஷமா மாறாதது இந்த வெள்ளிக்கிழமையா மாறப்போகுது?"

அவர் போனதும் பைண்டர் அடுக்கைத் திரும்பிப் பார்த்தார். முதல் முறையாக அந்த நீல அட்டைகள்மேல் ஒரு பாசம் வந்தது. இருந்துட்டுப் போங்கடா, இன்னும் மூணு வருஷம்.

அந்தப் பாசம் சாயங்காலம்வரைகூடத் தாங்கவில்லை. துறைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருந்த மேடம் ஒரு பை நிறையத் தாளோடு வந்தாள். புது மேடம் என்று பெயரே தவிர, பழைய ஆள்தான். படிக்கிற காலத்தில் இதே கடையில் கடன் சொல்லி ஜெராக்ஸ் எடுத்தவள். வேலை கிடைத்த முதல் மாதம் அந்தக் கடனை ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான்.

"அண்ணா, அவசரம். வெள்ளிக்கிழமை குழு. நான் ஒரு புதுப் பட்டியல் கொடுக்கப்போறேன். எட்டுக் கட்டுரை. பட்டியல் மட்டும் குழுவுல எல்லாருக்கும் ஒவ்வொண்ணு, கட்டுரை எல்லாம் மேசையில வைக்க ஒரே ஒரு செட். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கிளார்க் கையில போகணும். போகலேன்னா எடுத்துக்கமாட்டாங்க."

"பழசு?" என்றார் பைண்டர்.

"பழசைத் தூக்கணும்ணா. எத்தனை நாளைக்கு அதையே ஓட்டறது? அந்தப் பன்னிரண்டுல ஒருத்தியாவது வேலை செய்யறாளா பாருங்க. எல்லாம் ஆம்பளைங்க, எல்லாம் ஆலை."

பைண்டர் தாள்களை வாங்கிப் புரட்டினார். வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கறுப்புக் கோடு, முடி விழுந்தது மாதிரி. எட்டில் ஐந்து கட்டுரையில் அந்தக் கோடு இருந்தது. அவருடைய பழைய மெஷினின் கண்ணாடியில் விழுந்த கீறல் அது.

"இது நம்ம கடையில எடுத்தது போலருக்கே?"

"ஆமாண்ணா, படிக்கும்போது நீங்க போட்டுக் குடுத்ததுதான்." அவள் கூச்சத்தோடு சிரித்தாள். "லைப்ரரியில பாதிக்கு மேல இல்ல. இருக்கிற அவசரத்துல கையில இருக்கறத வச்சுத்தான் பட்டியல் போட முடிஞ்சுது."

பைண்டர் தாள்களைத் தட்டிச் சேர்த்தார். நாளைக்குத் தருகிறேன் என்றார்.

அவள் சந்து திரும்பியதும் மனைவி முக்காலியில் இருந்து எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"மெஷின் படுத்துருச்சுன்னு சொல்லிடுங்க."

"எந்த மெஷின்?"

"ரெண்டும்! நாளைக்கு ஒரு நாள் படுத்தா என்ன குறைஞ்சுபோச்சு? நாம ரெண்டு பேரும் படுக்காமதானே ஓடறோம்? தாள் போகலேன்னா எடுத்துக்கமாட்டாங்கன்னு அந்தப் பொண்ணு வாயாலயே சொல்லிட்டுப் போகுது. நான் ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லல. லேசா உண்மையத் தள்ளிப் போடச் சொல்றேன்."

பைண்டருக்கும் அதே யோசனைதான் ஓடிக்கொண்டிருந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. புது மேடம் திரும்பி வந்திருந்தாள்.

"அக்கா, காசு குடுக்க மறந்துட்டேன். முன்னாடியே வச்சுக்குங்க." நோட்டுகளை மனைவியின் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டுப் போய்விட்டாள்.

மனைவி கையைத் திறந்து பார்த்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள். இந்தக் கடையில் முன்பணம் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

"என்னடி, மெஷின் படுக்குமா?"

"சும்மா இருங்க" என்றாள் அவள், கல்லாவில் போட்டபடி. "கைக்காசு குடுத்தவளுக்கு எப்படிப் படுக்கும்? போய் வேலையப் பாருங்க."

*

அடுத்த நாள் முழுக்க மெஷின் நல்ல பிள்ளையாக ஓடியது. தாள் அடுக்கும்போது ஒரு கட்டுரை மட்டும் மேசையில் தனியே திரண்டு நின்றது. எட்டில் அதுதான் நீளம். எழுபது பக்கம். தலைப்பைப் பார்த்தார். ஏதோ ஒரு துறைமுகத்தில், கப்பலில் இருந்து கிட்டங்கிக்குக் கட்டு சுமந்த பெண்களைப் பற்றியது. பைண்டர் விரலை வைத்தார். முதல் வரி போனது. இரண்டாவது வரி போனது. பசை அடுப்பில் பொங்கியது கூடத் தெரியவில்லை.

"என்ன, வாய் முணுமுணுக்குது? ஜோசியமா?" என்றாள் மனைவி.

"இங்க பாரு. தலையில சும்மாடு வச்சு, மேல கட்டு வச்சு, பலகை மேல நடந்து போறாளுங்க. பலகை ஆடுதாம். ஒரு கட்டுக்கு ஒரு வில்லை தருவாங்களாம். சாயங்காலம் வில்லைய எண்ணிக் கூலி."

அவள் வந்து மேசை ஓரமாக நின்றாள். அவளுக்கு எழுத்து தெரியாது. பைண்டர் உருளை இறக்கிய அதே கிட்டங்கியில் காகிதக் கட்டு சுமந்தவள் அவள். இவர் அவளை முதலில் பார்த்ததே, தலையில் கட்டோடு மேஸ்திரியைத் திட்டிக்கொண்டு போனபோதுதான்.

"நமக்கு வில்லை இல்ல. சுவத்துல கரிக்கோடு" என்றாள். "இத எழுத ஒருத்தி, படிக்க ஒருத்தன். எனக்கு மிஞ்சினது இந்த இடுப்பு." கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள், ஏதோ அதில் முகம் தெரியும் என்கிற மாதிரி. "கூலி பாக்கி வச்சானா அவளுகளுக்கு?"

பைண்டர் நாலைந்து பக்கம் தாவிப் பார்த்தார். "வச்சிருக்கான் போல."

"குடுத்தானா?"

"தெரியல. பெரிசா இருக்கு. படிச்சாத்தான் தெரியும்."

"படிங்க. அது நல்ல கட்டுரையாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு முக்காலிக்குப் போனாள். பிறகு அங்கிருந்தே, "ஆனா அது உள்ள வந்தா நம்ம சுவர் அப்படியே நிக்கும், இல்ல?" என்றாள்.

"நிக்கும்."

பைண்டர் எழுபது பக்கத்தையும் தட்டிச் சேர்த்து, மற்ற ஏழோடு அடுக்கினார்.

*

வெள்ளிக்கிழமை பைண்டர் துறை வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று குழு கேட்டால் சொல்ல ஆள் வேண்டும் என்று கிளார்க் வரச் சொல்லியிருந்தான். கையில் ஒரு நீலக் கட்டு. கூட்ட அறையில் ஏசி ஒழுகியதால் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். ஒரு வாளியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தமும், பேச்சும் சேர்ந்து கேட்டன.

"எங்க காலேஜ்ல கேள்வித்தாள் எல்லாமே இந்தப் பன்னிரண்டை வச்சுத்தான் இருக்கு" என்று ஒரு கனத்த குரல். வெளிக்கல்லூரி உறுப்பினர். "ஒரு தூணை உருவினாலும் கூரை இறங்கிடும்."

"தூணா, பழக்கமான்னு ஒரு தடவையாவது தட்டிப் பாக்கவேண்டாமா சார்?" இது புது மேடம்.

"தட்டிப் பாக்கத்தான் பரீட்சை வைக்கிறோமே அம்மா!"

சிரித்தார்கள். பெரிய சார் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்கவில்லை. டீன் கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கவேண்டும். குரலில் அது தெரிந்தது. "சரி. எதையும் எடுக்கவேண்டாம். மேடத்தோட எட்டையும் கூடச் சேர்த்துடுவோம். எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்த விஷயம் என்ன?"

"சேர்த்தா பழைய கட்டு வீணாப் போயிடுமே" என்றார் பெரிய சார் மெதுவாக. "இருநூறு கிடக்கு. வெளிய ஆள் உக்காந்திருக்கான்."

பைண்டரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனார். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு காலில் மட்டும் கழற்றிவிட்டு, பிறகு அதையும் மாட்டிக்கொண்டார். மேசையில் அவர் போட்ட செட் அப்படியே இருந்தது. யாரும் பிரித்த மாதிரி தெரியவில்லை.

"இந்தக் கட்டோட புதுசையும் சேர்த்து ஒட்ட முடியுமாப்பா?" என்றார் டீன்.

பைண்டர் கட்டின் முதுகைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பின்னட்டையைப் பிரிக்கலாம். தாளைச் சேர்க்கலாம். பசை வைத்து அதே அட்டையை இழுத்து மூடலாம். அட்டை கொஞ்சம்தான் இழுபடும். அதற்குமேல் வேண்டுமென்றால் புது அட்டை அடிக்கவேண்டும், நூல் போட்டுத் தைக்கவேண்டும். தைத்தால் இருநூறு பக்கம்கூடச் சேர்க்கலாம். யானை ஏறி மிதித்தாலும் விடாது. ஆனால் புது அட்டை என்று வாயைத் திறந்தால் அடுத்த வார்த்தை என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். போட்டுடு, கணக்குல எழுதிக்கோ. அந்தத் தாளை எந்தப் பேப்பர்காரன் கொடுப்பான்?

"அறுபது பக்கம் தாங்கும் சார்" என்றார். "அதுக்கு மேல போனா முதுகு விட்டுடும்."

"அறுபதா?" என்றாள் புது மேடம்.

"அறுபது மேடம்." அவர் மேடத்தைப் பார்க்கவில்லை. வாளியைப் பார்த்தார்.

டீனுக்கு முகம் மலர்ந்தது. "அப்படின்னா சரியாப் போச்சு. மேடம், உங்க எட்டுல அறுபது பக்கத்துக்குள்ள வர்றதைச் சொல்லுங்க."

அவள் தாள்களைப் புரட்டினாள். பதினாறு. இருபத்தொன்று. பதினொன்று. ஒன்பது. ஒவ்வொன்றாக ஒரு பக்கம் வைத்தாள். நாலு கட்டுரை. கடைசியாக எழுபது பக்கக் கட்டுரையைக் கையில் எடுத்தாள். கனத்தைப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பைக்குள் போட்டுவிட்டாள்.

"இந்த நாலும் வரட்டும் சார்."

"நல்ல தேர்வு" என்றது கனத்த குரல். "சுருக்கமா இருக்கறதுதான் எப்பவும் நிக்கும்."

கிளார்க் குறிப்பேட்டில் எழுதினான். எழுதியதைச் சத்தமாகவும் படித்தான்: துறையின் அடிப்படையான பன்னிரண்டு கட்டுரைகளுடன், விரிவான விவாதத்துக்குப் பின் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு கட்டுரைகள் சேர்க்கப்படுகின்றன. தொகுப்பைத் துறையே வாங்கி வழங்கும். டீன் கையெழுத்துப் போட்டார். ஏசியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

வெளியே வராந்தாவில் பெரிய சார் பைண்டரின் தோளில் கை வைத்தார். "பொழைச்சோம்யா" என்றார். பொழைத்தவர் மாதிரி அவர் முகம் இல்லை.

*

பிறகு ஒரு வாரம் கடையில் பசை நாற்றம்தான். பைண்டர் பின்னட்டையை ஆவியில் காட்டிப் பிரிப்பார். மனைவி அறுபது பக்கத்தில் மூன்று குறைந்த அந்தப் புதுக் கற்றையை வாகாக வைப்பாள். பசை, அழுத்து, மேலே இரும்புப் பலகை. ஒவ்வொரு கட்டாகச் சுவர் இறங்கியது. அதற்கான தாளைப் பேப்பர்காரர், தீர்மானத்தின் நகலைக் கண்ணில் பார்த்த பிறகு, முனகிக்கொண்டே இறக்கிவிட்டுப் போனார்.

கடைசிக் கட்டும் போனபோது ஜன்னல் தெரிந்தது. மனைவி தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டித் திறந்தாள். அடுத்த கட்டிடத்தின் சுவர், ஒரு கை எட்டும் தூரத்தில். அதில் ஒரு கழிவுநீர்க் குழாய்.

"இதுக்கா இத்தனை வருஷம் ஏங்கினேன்?" என்றாள். இருந்தாலும் மூடவில்லை. கொஞ்சம் காற்று வந்தது.

புது மேடம் அதன் பிறகு ஒரு நாள் வந்தாள். ஏதோ இரண்டு பக்கம் ஜெராக்ஸ். எடுத்துக் கொடுத்ததும் போகாமல் நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். நிஜமாவே அறுபதுதானா?"

பைண்டர் மெஷின் மூடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"அன்னிக்கு அறுபதுதான் மேடம்."

"அன்னிக்கா?"

"கையில காசு இருந்தா முதுகு எவ்வளவு வேணா தாங்கும். இல்லாதவனுக்கு அவ்வளவுதான் தாங்கும்."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முக்காலிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடித் திறந்தாள். காலையில் இருந்து நாலு வகுப்பு எடுத்த களைப்பு.

"அன்னிக்குக் கூட்டத்துக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ணா. நானே அட்டைக்குக் காசு குடுத்திருப்பேன்."

பைண்டருக்கு அது தோன்றவே இல்லை. கடன் வாங்குகிறவர்களை மட்டுமே பார்த்துப் பழகிய மண்டையில், கொடுக்கிற ஆள் ஒருத்தி அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருந்தது ஏறவில்லை.

"பரவால்ல" என்றாள் அவள். பையில் இருந்து அந்த எழுபது பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "இது உங்ககிட்டயே இருக்கட்டும். மறுபடி வேணும்னா இங்கதானே வரணும். இப்போதைக்கு அந்த நாலு போதும். அடுத்த வருஷம் மாத்திக்கலாம்."

பைண்டர் நிமிர்ந்து பார்த்தார். இதே இடத்தில், இதே மேசைக்கு எதிரே நின்று, கறுப்பு முடியோடு ஒருவர் இதையே சொன்னது காதில் விழுந்தது. சொல்லலாமா என்று நினைத்தார். ஓடி ஓடிக் களைத்த பிள்ளையிடம் வழி இன்னும் எவ்வளவு என்று எதற்குச் சொல்லவேண்டும்?

"மாத்திக்கலாம் மேடம்" என்றார்.

*

மாதத்தின் கடைசி வேலைநாள். துறையில் பெரிய சாருக்கு மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பைண்டர் கிளார்க்கின் ஜன்னல் முன்னால் நின்றார். கிளார்க் செக்கை நீட்டினான். முப்பத்தெட்டாயிரத்து நானூறு.

"பதினஞ்சு குறையுதே தம்பி."

"சில்லறையெல்லாம் எழுத முடியாதுண்ணே. ரவுண்டா நானூறுன்னு போட்டாச்சு. கையெழுத்துப் போடுங்க, விழாவுக்குப் போகணும்."

பைண்டர் கையெழுத்துப் போட்டார். பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நிறுத்திப் போடுகிற கையெழுத்து. கிளார்க் மேசையைத் தட்டிக்கொண்டே காத்திருந்தான். திரும்பும்போது கூட்டத்துக்கு நடுவில் பெரிய சார் இவரைப் பார்த்தார். மாலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வந்துச்சா என்று புருவத்தால் கேட்டார். பைண்டர் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான், ஆட்கள் குறுக்கே வந்துவிட்டார்கள்.

பணம் கையில் தங்கவில்லை. பேப்பர்காரருக்கு முக்கால்வாசி, கடை வாடகைக்குக் கொஞ்சம், மனைவியின் இடுப்புக்கு மருந்து. அன்றைக்குப் பேப்பர்காரர் ஸ்கூட்டரை அணைத்தே பேசினார்.

கடை சாத்துகிற நேரத்தில் பைண்டர் கணக்கு நோட்டை எடுத்தார். துறை என்று தலைப்பிட்ட பக்கத்தில் வரவை எழுதிக் கழித்தார். பதினைந்து நின்றது.

"பதினஞ்சு நிக்குதுடி. என்ன பண்ண?"

"ரவுண்டு பண்றவங்க எப்பவும் அவங்க பக்கம்தான் ரவுண்டு பண்ணுவாங்க" என்றாள் மனைவி. ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தாள். "ஆமா, அந்தப் பொம்பளைங்களுக்குக் கூலி வந்துச்சா?"

பைண்டர் எழுபது பக்கத்தை இழுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். விரல் வைத்துப் பார்த்தார். புத்தகப் பெயர்கள், ஆள் பெயர்கள், வருஷங்கள். அதற்கு முந்தின பக்கமும் அதே. அதற்கு முந்தினதும்.

"கடைசியில பட்டியல்தான் இருக்கு. இத எழுதினவங்க எதையெல்லாம் படிச்சாங்கன்னு."

"கூலி?"

"நடுவுல எங்கயாவது இருக்கும். முதல்ல இருந்து படிச்சாத்தான் தெரியும்."

"படிச்சுச் சொல்லுங்க. மெதுவாவே சொல்லுங்க. அவளுகளுக்கும் இனிமே அவசரம் இல்ல."

அவர் பேனாவை எடுத்தார். பதினைந்துக்கு நேரே, 'எழுபது பக்கம் ஜெராக்ஸ் நம்மிடம் உள்ளது, அதற்குச் சரி' என்று எழுத்துக் கூட்டி எழுதினார். குறுக்கே ஒரு கோடு இழுத்துப் பக்கத்தை முடித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்தில் விரலை வைத்தார்.